முழங்கால், இடுப்பு மூட்டு வலியும் சீர்படுத்தும் அப்பியாசங்களும்

பாடம்: சுகாதாரமும் உடற்கல்வியும் (தரம் 10, 11)

இவ்வலகைக் கற்றபின் நீங்கள் செய்யக்கூடியவை:
- முழங்கால் மூட்டு, இடுப்பு மூட்டு ஆகியவற்றின் அமைப்பை ஒப்பிடுவீர்கள்.
- நாட்பட்ட மூட்டு வலிக்கான காரணங்களை விளக்குவீர்கள்.
- பொருத்தமான சீர்படுத்தும் அப்பியாசங்களைத் தெரிவுசெய்து, தெரிவுக்கான காரணத்தை எழுதுவீர்கள்.
- அப்பியாசம் செய்யக்கூடாத சந்தர்ப்பங்களை இனங்காண்பீர்கள்.

அன்பான மாணவர்களே, அப்பியாசங்களின் பெயர்களை மனனம் செய்தால் இவ்வலகு முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். "யாது?" என்ற வினாவுக்கு எல்லோரும் விடை எழுதுவர். "ஏன்?" என்ற வினாவிலேதான் புள்ளிகள் குறைகின்றன. ஆகவே முதலில் ஒரு கருத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: வலி தோன்றும் இடமும் வலிக்குக் காரணமான இடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. இவ்வலகு முழுவதும் இக்கருத்தின் மீதே கட்டப்பட்டுள்ளது.

1. மூட்டுகளின் அமைப்பு

இடுப்பு மூட்டு பந்துக் கிண்ண மூட்டாகும். தொடை என்பின் உருண்டையான தலை, இடுப்பென்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்தியுள்ளது. இதனால் காலை முன், பின், பக்கவாட்டுத் திசைகளில் அசைக்கவும் சுழற்றவும் முடிகிறது.

முழங்கால் மூட்டு பிணையல் மூட்டாகும். கதவின் பிணையலைப் போல, பிரதானமாக மடித்தலும் நீட்டலும் இங்கு நிகழ்கின்றன. மடித்த நிலையில் மாத்திரம் சிறிதளவு சுழற்சியும் உண்டு. தொடை என்பு, கணைக்கால் உள்ளென்பு, முழங்காற் சில்லு ஆகிய மூன்றும் இம்மூட்டில் பங்குபற்றுகின்றன. கணைக்கால் வெளியென்பு முழங்கால் மூட்டில் நேரடியாகப் பங்குபற்றுவதில்லை. மாணவர் பலர் அதனையும் சேர்த்து எழுதிப் புள்ளி இழப்பதுண்டு.

என்புகளின் முனைகளைக் கசியிழையம் மூடியுள்ளது. இதற்குக் குருதிக் கலன்கள் இல்லை. மூட்டினுள் உள்ள வழுவழுப்பான பாய்பொருளிலிருந்தே இது போசணையைப் பெறுகிறது. மூட்டு அசையும்போது கசியிழையம் அமுக்கப்பட்டும் விடுபட்டும் அப்பாய்பொருளைத் தன்னுள் எடுத்துக்கொள்கிறது. நீண்டநாள் வலிக்கு முழு ஓய்வு மட்டுமே மருந்தாகாது என்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

தொடையின் முன்புறத்திலுள்ள நாற்றலைத் தசை முழங்காலை நீட்டுகிறது. பின்தொடைத் தசைகள் அதனை மடிக்கின்றன. இவ்விரு தசைக் கூட்டங்களிலும் இடுப்பு, முழங்கால் ஆகிய இரு மூட்டுகளையும் கடந்து செல்லும் தசைகள் உள்ளன. பிட்டத்தின் பக்கவாட்டிலுள்ள தசை, நாம் ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சாயாமல் பிடித்துக்கொள்கிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் நாம் ஒற்றைக் காலிலேயே நிற்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் இத்தசையின் பெறுமதி விளங்கும்.

2. திடீர் வலியும் நாட்பட்ட வலியும்

திடீர் வலி: விழுதல், முறுக்கிக்கொள்ளல், மோதுதல் போன்றவற்றால் உடனே தோன்றுவது. இதற்கு முதலுதவி தேவை. பாதுகாத்தல், ஓய்வு, குளிரூட்டல், அமுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்பன அதன் படிமுறைகளாகும்.

நாட்பட்ட வலி: மூன்று மாதங்களுக்கு மேலாகத் தொடர்ந்தோ மீண்டும் மீண்டுமோ வருவது. மருத்துவர் பரிசோதித்து ஆபத்தான நோய் எதுவும் இல்லை என உறுதி செய்த பின்னர், சீர்படுத்தும் அப்பியாசம் இங்கேதான் பயன்படுகிறது.

வரைவிலக்கணம்: தசைகளின் வலிமை, நெகிழும் தன்மை, அசைவுக் கட்டுப்பாடு ஆகியவற்றில் உள்ள குறைபாட்டை இனங்கண்டு, அதனைத் திருத்துவதற்காகத் திட்டமிட்டுச் செய்யப்படும் அப்பியாசம் சீர்படுத்தும் அப்பியாசம் எனப்படும்.

3. வலிக்கான காரணங்கள்

அ. இடுப்புத் தசைகளின் பலவீனம்
தரம் 10 மாணவி ஒருத்தி பாடசாலை வலைப்பந்து அணியில் ஆடுகிறாள் எனக் கொள்வோம். பாய்ந்து பந்தைப் பிடித்துத் தரையிறங்கும்போது முழங்காற் சில்லைச் சுற்றி வலி. படியிறங்கும்போதும் வலி. அவள் முழங்காலுக்குத் தைலம் பூசுகிறாள், கட்டுப் போடுகிறாள், வலி குறையவில்லை. அவள் தரையிறங்குவதைக் கவனித்தால் முழங்கால் உட்புறமாகச் சரிவதைக் காணலாம். பிட்டத் தசை பலவீனமாக இருந்தால் தொடை என்பு உட்புறமாகத் திரும்பும். அப்போது முழங்காற் சில்லு தன் தடத்தில் சீராக வழுக்காமல் ஒரு பக்கமாக உராயும். வலி முழங்காலில், ஆனால் குறை இடுப்பில்.

ஆ. தசை இறுக்கம்
காலையில் பாடசாலை, மாலையில் தனியார் வகுப்பு, இரவில் வீட்டில் படிப்பு என நாள் முழுவதும் வாங்கில் இருப்பவருக்கு இடுப்பின் முன்புறத் தசைகளும் பின்தொடைத் தசைகளும் இறுகலாம். இறுகிய தசை மூட்டின் அசைவு எல்லையைக் குறைக்கிறது.

இ. தவறான கொண்ணிலையும் பொருந்தாத உபகரணமும்
அண்ணனின் அல்லது அப்பாவின் துவிச்சக்கர வண்டியில் ஆசனத்தை மிகவும் தாழ்த்திவிட்டு ஓடுவோர் உண்டு. ஆசனம் தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடிகிறது. முழங்காற் சில்லின் பின்புறத்தில் அழுத்தம் கூடுகிறது. மிதி கீழே உள்ளபோது முழங்கால் சற்று மாத்திரம் மடிந்திருக்கும்படி ஆசனத்தை உயர்த்திக்கொள்ள வேண்டும்.

ஈ. பயிற்சியைத் திடீரெனக் கூட்டுதல்
இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாத்திரம் தினமும் ஓடத் தொடங்குவது இதற்கு நல்ல உதாரணம். இழையங்கள் சுமைக்குப் பழக அவகாசம் இல்லை.

உ. வளரும் பருவத்து மாற்றங்கள்
முழங்காற் சில்லுக்குக் கீழே, கணைக்கால் உள்ளென்பின் மேட்டில் வீக்கமும் வலியும் தோன்றுவதை ஓட்டம், பாய்தல் ஆகியவற்றில் ஈடுபடும் சிறுவரிடம் காணலாம். 1903ஆம் ஆண்டில் ஒஸ்கூட், ஷ்லாட்டர் எனும் இரு மருத்துவர்கள் இதனைத் தனித்தனியே விவரித்தனர். அவர்களின் பெயராலேயே இந்நிலை ஒஸ்கூட்-ஷ்லாட்டர் நோய் என அழைக்கப்படுகிறது. பெரும்பாலும் வளர்ச்சி முற்றுப்பெறும்போது இது தணிந்துவிடும்.

ஊ. அதிக உடல் நிறை
நிறை கூடிய, முழங்கால் மூட்டுத் தேய்வுள்ள வயது வந்தோரிடம் செய்யப்பட்டு 2005இல் வெளியான ஆய்வொன்றின்படி, உடல் நிறையில் 1 கிலோகிராம் குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறக்குறைய 4 கிலோகிராம் குறைகிறது.

4. சீர்படுத்தும் அப்பியாசத்தின் கோட்பாடுகள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், காலில் காயமடைந்த அமெரிக்கப் படைவீரர் பலர் நீண்ட ஓய்வின் பின்னரும் பலவீனமான தொடைத் தசைகளுடன் இருந்தனர். தோமஸ் டிலோம் எனும் இராணுவ மருத்துவர் அவர்களுக்குப் பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் அப்பியாசங்களைக் கொடுத்தார். தசைகள் வலிமை பெற்றன. 1945இல் அவர் வெளியிட்ட கட்டுரை பிற்கால மறுவாழ்வுப் பயிற்சிகளுக்கு அடிப்படையாக அமைந்தது. இதிலிருந்து நாம் கற்பது படிமுறையாகச் சுமை கூட்டல் எனும் கோட்பாடாகும்.

நினைவில் வைக்க வேண்டிய நான்கு படிகள்:
(1) கண்டறிதல் – எது பலவீனம், எது இறுக்கம்?
(2) நீட்டுதல் – இறுகிய தசையை நெகிழச் செய்தல்.
(3) வலுவூட்டல் – பலவீனமான தசையை வலிமைப்படுத்தல்.
(4) பழக்குதல் – சரியான அசைவை அன்றாட வேலைகளிலும் விளையாட்டிலும் பயன்படுத்தல்.

கண்டறியும் எளிய முறை: கண்ணாடியின் முன் ஒற்றைக் காலில் நின்று, முழங்காலைச் சிறிது மடித்து நிமிருங்கள். தேவையாயின் ஒரு விரலால் சுவரைத் தொட்டுக்கொள்ளலாம். முழங்கால் பெருவிரலைத் தாண்டி உட்புறம் சரிகிறதா? தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே இறங்குகிறதா? இறங்கினால் நிற்கும் காலின் பக்கத்துப் பிட்டத் தசை பலவீனம் எனக் கருதலாம். இக்குறியை 1895இல் விவரித்தவர் ஜேர்மனிய சத்திரசிகிச்சை நிபுணர் ட்ரெண்டலென்பேர்க் ஆவார்.

5. அப்பியாசங்கள்

முதலில் 5 நிமிடம் மெதுவாக நடந்து உடலை உஷ்ணப்படுத்திக்கொள்ளுங்கள். இவற்றுக்கு ஒரு பாயும் ஒரு கதிரையும் ஒரு துவாயும் போதும்.

அ. தொடைத் தசையை இறுக்குதல்
காலை நீட்டி அமர்க. சுருட்டிய துவாயை முழங்காலின் கீழ் வைக்க. முழங்காலால் துவாயைக் கீழ்நோக்கி அழுத்தி 5 செக்கன் பிடித்து விடுக. 10 தடவைகள்.
பயன்: மூட்டை அதிகம் அசைக்காமல் நாற்றலைத் தசையை வலுவூட்டல்.

ஆ. நேராகக் கால் உயர்த்தல்
மல்லாந்து படுத்து ஒரு காலை மடித்து வைக்க. மற்றக் காலை நேராக வைத்து 20 - 30 சென்ரிமீற்றர் உயர்த்தி 5 செக்கன் நிறுத்தி மெதுவாக இறக்குக. ஒவ்வொரு காலுக்கும் 10 தடவைகள்.
பயன்: நாற்றலைத் தசையும் இடுப்பை மடிக்கும் தசைகளும் வலிமை பெறல்.

இ. சிப்பி அப்பியாசம்
ஒரு பக்கமாகப் படுத்து இரு முழங்கால்களையும் மடிக்க. குதிகால்கள் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க, மேல் முழங்காலைச் சிப்பி திறப்பது போல் உயர்த்தி இறக்குக. இடுப்புப் பின்னால் உருளக்கூடாது. பக்கத்துக்கு 10 தடவைகள்.
பயன்: தொடை என்பு உட்புறம் திரும்பாமல் காக்கும் பிட்டத் தசைகள் வலிமை பெறல்.

ஈ. பக்கவாட்டில் கால் உயர்த்தல்
ஒரு பக்கமாகப் படுத்து மேற்காலை நேராக உயர்த்துக. பாதவிரல்கள் முன்னோக்கியே இருக்க வேண்டும். பக்கத்துக்கு 10 தடவைகள்.
பயன்: ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பைச் சமநிலையில் வைத்தல்.

உ. பால அப்பியாசம்
மல்லாந்து படுத்து இரு முழங்கால்களையும் மடித்துப் பாதங்களைத் தரையில் ஊன்றுக. தோள், இடுப்பு, முழங்கால் ஒரே கோட்டில் வரும்வரை இடுப்பை உயர்த்தி 5 செக்கன் நிறுத்தி இறக்குக. 10 தடவைகள்.
பயன்: பிட்டத் தசை, பின்தொடைத் தசை ஆகியவற்றை வலுவூட்டல்.

ஊ. கதிரையிலிருந்து எழுந்து அமர்தல்
கைகளை மார்பின் மீது கட்டிக்கொண்டு மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக அமர்க. முழங்கால்கள் பாதவிரல்களின் திசையிலேயே செல்ல வேண்டும். 10 தடவைகள்.
பயன்: மேலே பெற்ற வலிமையை அன்றாட அசைவில் பயன்படுத்தப் பழகுதல். இது நான்காவது படியாகும்.

எ. நீட்டும் அப்பியாசங்கள்
பின்தொடை: ஒரு காலை நீட்டி, மற்றக் காலை மடித்து அமர்ந்து, முதுகைக் கூனாமல் முன்னே சாய்க.
முன்தொடை: சுவரைப் பிடித்து நின்று, ஒரு காலைப் பின்னே மடித்துக் கணுக்காலைப் பிடிக்க.
கெண்டைக்கால்: சுவரில் கைகளை ஊன்றி, பின்காலின் குதி தரையில் பட நின்று முன்னே சாய்க.
ஒவ்வொன்றையும் 20 - 30 செக்கன் வரை, குலுக்காமல், இரண்டு தடவைகள் செய்க.

6. பின்பற்ற வேண்டிய விதிகள்

- வலுவூட்டும் அப்பியாசங்களை வாரத்தில் 3 நாட்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தல் போதுமானது.
- 10 தடவைகள் இலகுவாக இருந்தால் 12, 15 எனக் கூட்டுக. ஒரே நாளில் இரட்டிப்பாக்க வேண்டாம்.
- வலியை 0 முதல் 10 வரை அளவிடுக. அப்பியாசத்தின்போது 3க்கு மேற்படக்கூடாது. மறுநாட் காலையில் வலி வழமையைவிடக் கூடியிருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.
- மூச்சை அடக்கக்கூடாது.
- பலன் தெரிய 6 முதல் 12 வாரங்கள் வரை செல்லலாம். ஒரு வாரம் செய்துவிட்டு "பயனில்லை" என நிறுத்துவதே பலரும் விடும் தவறு.
- படிக்கும்போது 30 - 40 நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும்.

5 - 17 வயதுடையோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் மிதமான முதல் தீவிரமான உடற்செயற்பாட்டில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. தசையையும் என்பையும் வலுவூட்டும் செயற்பாடுகள் வாரத்தில் குறைந்தது 3 நாட்களாவது இடம்பெற வேண்டும். பரீட்சை ஆண்டு இதற்கு விதிவிலக்கல்ல.

7. அப்பியாசம் செய்யக்கூடாத சந்தர்ப்பங்கள் (மிக முக்கியம்)

இப்பகுதி வினாத்தாளுக்கு மாத்திரமன்றி வாழ்க்கைக்கும் தேவையானது. 13 வயது மாணவன் ஒருவன் சில வாரங்களாக முழங்கால் வலி என்கிறான். நொண்டி நடக்கிறான். பாதம் வெளிப்புறம் திரும்பியிருக்கிறது. முழங்காலைப் பார்த்தால் வீக்கமோ காயமோ இல்லை. "வளர்ற பிள்ளை, உப்பிடித்தான் நோகும்" என வீட்டார் விட்டுவிடலாம். ஆனால் இது தொடை என்பின் தலை வழுக்கும் நிலையாக இருக்கக்கூடும். ஏறக்குறைய 10 - 16 வயதில், குறிப்பாக நிறை கூடிய பிள்ளைகளில், இடுப்பு மூட்டிலுள்ள வளர்ச்சித் தட்டு பலவீனமடைந்து தொடை என்பின் தலை தன் இடத்திலிருந்து விலகுகிறது. இடுப்பிலிருந்தும் முழங்காலிலிருந்தும் உணர்வைக் கொண்டுசெல்லும் நரம்புகள் பொதுவாக இருப்பதால் வலி தொடையிலோ முழங்காலிலோ உணரப்படலாம். முழங்காலை மாத்திரம் எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தால் நோய் தப்பிவிடும்.

இந்நிலையில் அப்பியாசம் செய்வித்தல் தீங்கானது. அக்காலில் நிறையைப் போடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெரும்பாலும் சத்திரசிகிச்சை மூலம் திருகாணி பொருத்தி மேலும் வழுக்காமல் தடுப்பர். தாமதித்தால் மூட்டு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். "வலி தோன்றும் இடம் வேறு, காரணமான இடம் வேறு" என்ற எமது முதல் வாக்கியம் இங்கே எவ்வளவு பாரதூரமானது எனப் பாருங்கள்.

பின்வருவன இருந்தாலும் அப்பியாசத்தை நிறுத்தி மருத்துவரை நாட வேண்டும்:
- காய்ச்சலுடன் மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருத்தல்
- விழுந்த பின் காலூன்ற முடியாமை
- முழங்கால் பூட்டிக்கொள்ளல் அல்லது திடீரெனக் கைவிடல்
- இரவில் நித்திரையைக் குழப்பும் வலி
- காரணமின்றி நொண்டுதல், காரணமின்றி நிறை குறைதல்

8. வீட்டிலுள்ள பெரியவர்கள்

அம்மாவோ அம்மம்மாவோ "முழங்கால் தேஞ்சு போச்சு, இனி நடக்கக்கூடாது" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வயலில் குனிந்து நாற்று நடுவோருக்கும், கொழுந்துக் கூடையுடன் மலைச்சரிவில் ஏறி இறங்குவோருக்கும் முழங்காலில் சுமை அதிகம். மூட்டுத் தேய்வுக்கும் முதன்மையான பரிகாரங்களாக இன்று சிபாரிசு செய்யப்படுவன அப்பியாசமும், நிறை கூடியோருக்கு நிறைக் குறைப்பும் ஆகும். நடக்காமல் இருந்தால் தொடைத் தசை மெலியும். தசை மெலிந்தால் மூட்டின் சுமை கூடும். சுமை கூடினால் வலி கூடும். இச்சுழற்சியை உடைப்பதே எமது நோக்கம். மருத்துவரின் அல்லது இயன்மருத்துவரின் ஆலோசனையைப் பெற்று அ, ஆ, ஊ அப்பியாசங்களிலிருந்து தொடங்கலாம். கதிரை வழுக்காதபடி சுவரோடு சேர்த்து வைக்க மறக்க வேண்டாம். ஆரம்பத்தில் அவர்கள் கைகளை ஊன்றி எழுந்தாலும் தவறில்லை.

9. மாதிரி வினாக்கள்

சரியான விடையைத் தெரிவுசெய்க.

1. முழங்கால் மூட்டில் பங்குபற்றாத என்பு
(1) தொடை என்பு (2) கணைக்கால் உள்ளென்பு (3) கணைக்கால் வெளியென்பு (4) முழங்காற் சில்லு

2. வலது காலில் நிற்கும்போது ஒருவரின் இடுப்பு இடப்பக்கம் இறங்குகிறது. பலவீனமானது
(1) இடது பிட்டத் தசை (2) வலது பிட்டத் தசை (3) இடது கெண்டைக்கால் தசை (4) வலது பின்தொடைத் தசை

3. கசியிழையம் போசணை பெறுவது
(1) குருதிக் கலன்களிலிருந்து (2) என்பு மச்சையிலிருந்து (3) மூட்டிலுள்ள பாய்பொருளிலிருந்து (4) தசைநாணிலிருந்து

விடைகள்: 1 - (3), 2 - (2), 3 - (3)

அமைப்பு வினா (10 புள்ளிகள்)
வலைப்பந்து வீராங்கனை ஒருத்திக்கு நான்கு மாதங்களாக முழங்காற் சில்லைச் சுற்றி வலி உள்ளது. மருத்துவர் பரிசோதித்து அப்பியாசம் செய்யலாம் எனக் கூறியுள்ளார். தரையிறங்கும்போது அவளது முழங்கால் உட்புறம் சரிகிறது.
(i) இது எவ்வகை வலி? காரணம் தருக. (2)
(ii) முழங்கால் உட்புறம் சரிவதற்கான காரணத்தை விளக்குக. (3)
(iii) பொருத்தமான இரு அப்பியாசங்களைக் குறிப்பிட்டுப் பயனைத் தருக. (4)
(iv) அப்பியாசத்தின்போது கவனிக்க வேண்டிய விதி ஒன்றைக் குறிப்பிடுக. (1)

மாதிரி விடை
(i) நாட்பட்ட வலி. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்துள்ளது.
(ii) பிட்டத் தசைகள் பலவீனமாக உள்ளன. அதனால் தொடை என்பு உட்புறம் திரும்புகிறது. முழங்காற் சில்லு தன் தடத்தில் சீராக வழுக்காமல் உராய்கிறது.
(iii) சிப்பி அப்பியாசம்: தொடை என்பு உட்புறம் திரும்புவதைத் தடுக்கும் தசைகள் வலிமை பெறும். பக்கவாட்டில் கால் உயர்த்தல்: ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பு சமநிலையில் இருக்கும்.
(iv) வலி 10இல் 3க்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ளல்.

குறிப்பு: (iii) இல் "ஓடுதல்", "நீந்துதல்" எனப் பொதுவாக எழுதினால் புள்ளி கிடைப்பது கடினம். வினாவில் தரப்பட்ட குறைக்கு உரிய அப்பியாசத்தையே எழுதுங்கள்.

செயற்பாடு: கண்ணாடிப் பரிசோதனையை இன்று உங்களுக்கு நீங்களே செய்து, அவதானத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு காலில் குறை தெரிந்து, வேறு அபாய அறிகுறி எதுவும் இல்லையெனில், சிப்பி அப்பியாசத்தை ஆறு வாரங்கள் செய்து மீண்டும் பரிசோதியுங்கள். இரண்டு அவதானங்களையும் ஒப்பிட்டு எழுதினால் இவ்வலகை நீங்கள் மீண்டும் மனனம் செய்ய வேண்டியிராது.